தராசு கட்டிய மூட்டை

தராசு என்று தெருவே கூப்பிடும் அந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையல் மேடையில் பல் துலக்கும் பிரஷை வைத்து அதன் காம்பை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்த துண்டை எடை பார்த்துவிட்டு, "ஆறு கிராம்! இந்தா, கேட்டியா? ஆறு கிராம் போச்சு!" என்று முன்னறையில் தையல் மெஷினில் இருந்த மனைவிக்குக் கேட்கும்படி கத்தினார். மனிதருக்கு வயிறு எட்டு கிலோ கூடுதலாகத் தொங்குகிறது. அதைக் குறைக்க ஒரு வேளைச் சாப்பாட்டை விடமாட்டார். பிரஷில் ஆறு கிராம் குறைத்ததற்கு இந்தக் குதி குதிக்கிறார். கடுகு போன இடம் ஆராய்வாராம், பூசணிக்காய் போன இடம் தெரியாதாம். அந்த ரகம்.

அவருக்கு வேலை பார்சல் அலுவலகத்தில், எடை போடும் கவுண்டரில். பத்தொன்பது வருஷமாக அடுத்தவன் மூட்டையைத் தூக்கித் தட்டில் வைத்து, எண்ணைப் படித்துச் சொல்லும் உத்தியோகம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அலுவலகத்தில் நாலு பேர் ஒரு மலைக்குக் கூட்டிப்போனார்கள். மலைக்கு மேலே ஒரு ஏரி. ஏறி இறங்க இரண்டு நாள். இவர் யாரிடமோ இரவல் வாங்கிய பெரிய பையில் வீட்டையே கட்டிக்கொண்டு போய், பாதி வழியில் நாக்குத் தள்ளி உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர்கள் பையை ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கி வந்து, வருஷம் பூராவும் சொல்லிச் சிரித்தார்கள். அன்றைக்குப் பிடித்த பேய்தான் இது.

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் அதே மலை, அதே ஏரி. போவதற்கு ஆறு மாதம் முன்பே வீட்டில் எடை போடும் படலம் தொடங்கிவிடும். கூடாரம் வேண்டாம், பாராசூட் துணி விரிப்பு போதும், அதற்குக் கம்பம் வேண்டாம், ஊன்றுகோலையே நட்டுக்கொள்ளலாம். குளிர்பான டின்னை வெட்டி ஒரு ஸ்பிரிட் அடுப்பு. சோப்பில் கால்வாசி. துண்டில் பாதி. சட்டையின் கழுத்துப் பட்டியில் இருக்கிற கம்பெனிச் சீட்டைக்கூட விட்டுவைக்க மாட்டார். சாப்பாடும் தண்ணீரும் போக மிச்சம் எவ்வளவு கனம் என்பதுதான், எடை குறைத்து மலையேறுகிற இந்தக் கூட்டத்தாருக்கு அந்தஸ்து. ஒருவன் ஐந்து கிலோ என்றால் இன்னொருவன் நாலரை என்பான். நாலரை சொன்னவனை ஐந்து சொன்னவன் அண்ணாந்து பார்ப்பான். இவர்களைப் பெற்றவர்கள் பாவம்.

வெட்டுவதும் பிரிப்பதும் யார்? மனைவிதான். தெருவுக்கு அவள் தையலக்கா. வீட்டு முன்னறைதான் கடை. பழைய சட்டையைப் பிடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது, கால்சட்டை நீளம் குறைப்பது என்று வாசலில் எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். அந்த வேலைகளுக்கு நடுவில் இவருடைய ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பைப் பிரித்தெடுக்க வேண்டும், பையின் வார்களைக் கத்தரித்து நுனியைச் சுட்டுக் கொடுக்க வேண்டும். அவள் நன்றாகத் தைத்த இரட்டைத் தையலைப் பார்த்து, "ஒத்தத் தையல் போட்டா நூல் கனம் குறையுமில்ல?" என்று ஒருநாள் கேட்டார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். இந்த மனுஷனோடுதான் இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்துகிறோமா என்று அவளுக்கே அப்போது நம்ப முடியவில்லை.

ஒவ்வொரு தடவை அவர் திரும்பி வந்ததும் அவள் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"ஏரி எப்படிங்க இருந்துச்சு?"

"நாலு கிலோ எண்ணூறுலதான் போனேன். போன வருஷத்தவிட அறுநூறு கம்மி!"

"ஏரியக் கேட்டேன்."

"ஏரி இருந்துச்சு. அதுக்கென்ன, தண்ணிதானே?"

பதினோரு வருஷமாக இதே பதில். கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்த ஏரி மேல் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. ஓர் ஆள் பதினோரு தடவை ஏறிப்போய்ப் பார்க்கிற அளவுக்கு அங்கே என்னதான் இருக்கிறது? இந்தக் குடும்பத்தில் ஒருத்தராவது அதை ஒழுங்காகப் பார்க்க வேண்டாமா? மெஷினை மிதித்து மிதித்து அவளுடைய வலது முட்டி தேய்ந்துபோயிருந்தது. டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார். அதற்கப்புறம் சமதரையில் நடக்கலாம், மலையேறுகிற எண்ணத்தை மட்டும் மறந்துவிடுங்கள் என்றார். ஆபரேஷனுக்கு ஐந்து வாரம் இருந்தது. ஏரியைப் பார்ப்பதென்றால் இந்த வருஷம்தான், விட்டால் இல்லை.

"இந்தத் தடவை நானும் வரேன்" என்றாள்.

தராசு அவளை மேலும் கீழும் பார்த்தார். பார்சலைப் பார்க்கிற அதே பார்வை. "வா. ஆனா உன் பைய நான்தான் கட்டுவேன். குறுக்கப் பேசக் கூடாது."

அவள் டாக்டரிடம் ஓடினாள். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். கடைசியில், ஏறுவதற்கு அரைமணி முன்னால் போடச் சொல்லி வலிக்குப் புதிதாக ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவள் அதைப் பிரிக்காமல் அட்டையோடு பையில் வைத்தாள். முட்டிக்குக் கீழே வைத்துப் படுக்க முழுநீள ஃபோம் பாய் ஒன்றையும் வைத்தாள்.

கிளம்புகிற அன்று காலை அவசரத் தையல் ஒன்றுக்காக அவள் மெஷினில் உட்கார்ந்திருந்த நேரத்தில், தராசு பையை மொத்தமாகக் கொட்டி மறுபடி கட்டினார். பாயை இடுப்பளவுக்கு வெட்டினார். காலுக்கு எதற்குப் பாய், கால் என்ன கனவா காண்கிறது என்பது அவர் வாதம். மாத்திரை அட்டைகள் கண்ணில் பட்டன. அவளுடைய வலி மாத்திரை ஓர் அட்டை. அவருக்குக் குளிர்ந்த காற்று பட்டால் தும்மல் பிடுங்கும். அதற்கு, வழக்கமானது கிடைக்காமல் புதிதாக வாங்கிய வேறு கம்பெனி மாத்திரை இரண்டு அட்டை. மூன்று அட்டையும் வெறும் தகரத்தாளும் பிளாஸ்டிக்கும் என்று முடிவுகட்டி, எல்லா மாத்திரையையும் பிதுக்கி எடுத்து விரலளவு பிளாஸ்டிக் உறை ஒன்றில் மொத்தமாகப் போட்டார். இரண்டு வகையும் வெள்ளை, இரண்டும் வட்டம். ஏழு கிராம் மிச்சம் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதத் தெரிந்த கைக்கு உறைமேல் ஓர் எழுத்து எழுதத் தோன்றவில்லை.

மலையடிவாரத்தில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். வழிகாட்டி ஒருவர், இவர்கள் இரண்டு பேர், மற்றவர்களில் பாதிப்பேர் பார்சல் அலுவலகம். கூடவே ரொட்டிக்கடை அம்மா. ஐம்பத்தைந்து வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த பை. பைக்குள் மடக்கு நாற்காலி, கம்பளி, காஸ் அடுப்பு, நாலு பேருக்குக் காணும் ரொட்டி.

"என்னம்மா, கடையையே தூக்கிட்டு வந்துட்டீங்க போல?" என்று தராசு இளித்தார்.

"ஆமாப்பா, நான் சாப்பிடவும் தூங்கவும் வந்தவ. நீ என்ன, பட்டினி கிடக்க வந்தியா?" என்றாள் அந்த அம்மா. நடையை நிறுத்தாமலே சொன்னாள்.

தையலக்காவுக்கு ஏறத் தொடங்கிய ஒரு மணி நேரத்திலேயே தோள் இரண்டும் இறங்கிவிட்டன. முட்டிக்குள் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல் இருந்தது. "என்னங்க, பை கனமா இருக்கே" என்றாள். "அது பை இல்ல, பழக்கமில்லாத முதுகு" என்றுவிட்டு அவர் துள்ளிக்கொண்டு முன்னால் போனார். போகிற வழியில் எல்லோரிடமும், இந்த வருஷம் நாலு கிலோ முந்நூறு, நாலு கிலோ முந்நூறு என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சாயங்காலம் முகாமுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு காவலாளியும் தகரக் கொட்டகையும் உண்டு. அங்கிருந்து ஏரிக்கு இரண்டு மணி நேர ஏற்றம். காலையில் ஏறி, பனிமூட்டம் இறங்குவதற்குள் திரும்பி, மதியமே எல்லோரும் கீழே இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இடுப்போடு முடிகிற பாயில் அவள் எங்கே தூங்குவது? காலுக்குக் கீழே ஈர மண். விடிந்தபோது முட்டி வீங்கியிருந்தது. மெதுவாக நடப்பவள் என்பதால் ரொட்டிக்கடை அம்மா அரைமணி முன்னதாகவே கிளம்பிப் போயிருந்தாள். மற்றவர்கள் கிளம்ப இன்னும் அரைமணி இருந்தது.

"என் மாத்திரை எங்கங்க? அட்டையக் காணோமே."

தராசு உறையை நீட்டினார். அவள் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாய் முப்பது மாத்திரை.

"இதுல எது என்னோடது?"

ஒரு நிமிஷம் அவர் முகம் சுருங்கியது. ஆனால் தெரியாது என்று சொல்கிற வாய் அதுவல்ல. இரண்டு மாத்திரையை எடுத்து உள்ளங்கைக்கு ஒன்றாக வைத்து, கண்ணை மூடி, கையை லேசாக ஏற்றி இறக்கிப் பார்த்தார். பத்தொன்பது வருஷ அனுபவமாம்! "கனமா இருக்கறது உன்னோடது. வலி மாத்திரைனா சரக்கு ஜாஸ்தி இருக்கும். வீங்கியிருக்கே, ரெண்டாப் போடு" என்று பொறுக்கிக் கொடுத்தார். மற்றதில் ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

அவள் நம்பிப் போட்டாள். கிளம்புகிற நேரத்தில் ஒரு காலணியை மாட்டி வாரைக் கட்டினாள். அடுத்த காலணிக்குக் குனிந்தபோது கண் இழுத்தது. கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் என்று பையில் தலை வைத்தாள், அவ்வளவுதான்.

தராசு ஒரு தடவை தோளைத் தொட்டு ஆட்டினார். வழிகாட்டி கூப்பிட்டார். எல்லோரும் பையை முகாமில் விட்டுவிட்டு வெறுங்கையோடு ஏறினார்கள். இவர் மட்டும் நாலு கிலோ முந்நூறை முதுகில் மாட்டிக்கொண்டார், மேலே படம் எடுக்க வேண்டுமே. "அசதில தூங்குறா. அவளுக்கு இது சரிப்படாது" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். கட்டிய மனைவி, ஆபரேஷனுக்கு நாள் குறித்த கால், ஒரே ஒரு ஆசை. பத்து நிமிஷம் நிற்கத் தோன்றவில்லை பாருங்கள் அந்த ஜென்மத்துக்கு.

அவள் கண் விழித்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. நாக்கு உலர்ந்து ஒட்டியது. காவலாளி விறகு பிளந்துகொண்டிருந்தார். "எல்லாரும் போயிட்டாங்கம்மா. இன்னும் கொஞ்ச நேரத்துல இறங்கிருவாங்க" என்றார். அவள் ஒற்றைக் காலில் காலணியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். 

பதினொரு மணிக்குக் கூட்டம் இறங்கி வந்தது. முதலில் கேட்டது தராசின் தும்மல்தான். மூக்கு சிவந்து, கண்ணில் நீர் கொட்ட, ஏழெட்டுத் தும்மல் ஒரே மூச்சில். "ராத்திரிக் குளிரு ஒத்துக்கல. ஆனா ஒண்ணு, கால் மட்டும் பஞ்சு மாதிரி! ஒரு வலி இல்ல, குடைச்சல் இல்ல" என்றார்.

"இருக்காதுங்க. என் மாத்திரையப் போட்டுட்டுப் போனா எப்படி இருக்கும்? உங்க தும்மல் மாத்திரை ரெண்டப் போட்டுத்தான் நான் தூங்கியிருக்கேன்." என்றாள் அவள்.

ரொட்டிக்கடை அம்மா தோளில் இருந்த ஊன்றுகோலைக் கீழே போட்டாள். உறையை வாங்கிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "அட மடையா!" என்றாள், எல்லோர் முன்னாலும்.

தராசு இருமிக்கொண்டே செல்போனை எடுத்தார். "சரி விடு, இப்ப என்ன, ஏரியத்தானே பாக்கணும்? இந்தா." படத்தில் அவர் நிற்கிறார். கையில் சின்னக் கொக்கித் தராசு, அதில் தொங்குகிற பை, பக்கத்தில் இளிப்பு. ஏரி எங்கே என்று தேடினால் அவருடைய காதுக்குப் பின்னால் நாலு விரல்கடை தெரிந்தது. எல்லாவற்றின் எடையையும் குறைத்த மகானுபாவர் தராசை மட்டும் விடாமல் சுமந்துகொண்டு போயிருக்கிறார்!

ரொட்டிக்கடை அம்மாவின் கண் அந்தக் கொக்கியில் நின்றது. "அதக் கொண்டா இப்படி" என்று வாங்கி, முதலில் அவர் பையை மாட்டினாள். நாலு கிலோ முந்நூறு, பொய் இல்லை. அடுத்து தையலக்காவின் பையை மாட்டினாள். ஏழு கிலோ தொள்ளாயிரம்.  அந்த அம்மாவே பையைத் திறந்து கையை விட்டாள். பாராசூட் விரிப்பு வைக்கிற உறை, கயிறு, ஆணிகள், பாத்திரம், அடுப்பு, ஸ்பிரிட் பாட்டில், தண்ணீர் வடிகட்டி, இரண்டு பேருக்குமான சாப்பாடு. கடைசியாக அவருடைய மழைக்கோட்டு.

"இதெல்லாம் என்னப்பா?"

"அது... பொதுச் சாமான்" என்றார் தராசு. "பொதுச் சாமான் யார் கணக்குலயும் வராது."

அலுவலகத்துக்காரர்களில் ஒருவன் சிரித்தான். தையலக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் முட்டியைத் தேய்த்துத் தேய்த்து ஏறிய அந்த முழு நாளும் அவளுக்குக் கண்முன் வந்தது. பழக்கமில்லாத முதுகாமே!

அவள் எழுந்து மற்றக் காலுக்கும் காலணி மாட்டினாள். வழிகாட்டியிடம், "ஏரிக்கு மறுபடி எப்பங்க போவாங்க?" என்றாள்.

"இன்னிக்கு இனி முடியாதும்மா, மூட்டம் இறங்கிடும். சாயங்காலம் வேற குழு வருது. நாளைக்குக் காலைல அவங்க போவாங்க."

"நான் அவங்களோட போறேன்."

தராசு துள்ளினார். "பைத்தியமா உனக்கு? எனக்கு நாளைக்கு கவுண்டர் தொறக்கணும். சாப்பாடு இன்னிக்கு மதியம் வரைக்கும்தான் கணக்கா எடுத்துட்டு வந்திருக்கேன், ஒரு வாய்கூட அதிகம் கிடையாது!"

"நீங்க போங்க" என்றாள் அவள். "உங்கள யாரு இருக்கச் சொன்னா?"

ரொட்டிக்கடை அம்மா தன் பையை அவிழ்த்தாள். முழுநீளப் பாய், கம்பளி, இரண்டு ரொட்டி, பாலாடைக்கட்டி, தன் முட்டிவலிக்கு வைத்திருந்த மாத்திரை அட்டை, ஊன்றுகோல் இரண்டும். தையலக்கா பொதுச் சாமானை ஒவ்வொன்றாக எடுத்து அவர் காலடியில் வைத்தாள். அவருடைய பை அவ்வளவையும் வாங்குகிற பையா? உள்ளங்கை அகலத்துக்குத் தேடித் தேடி வாங்கியதாயிற்றே. விரிப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஒரு கையில் பாத்திரமும் மறு கையில் ஸ்பிரிட் பாட்டிலுமாகத் தும்மிக்கொண்டே அவர் மலையிறங்கினார். பின்னால் திரும்பி இரண்டு தடவை பார்த்தார். அவள் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அந்த அம்மா கொடுத்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறினாள். மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம், அவளுக்கு மூன்றரை. இரண்டு இடத்தில் உட்கார்ந்தே நகர்ந்தாள். கடைசித் திருப்பத்தில் காற்று முகத்தில் அடித்தது, தலையைத் தூக்கினாள்.

ஏரி ஒரே நிறமாக இல்லை. கரையோரம் தண்ணீரே இல்லாததுபோல் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பத்தடி தள்ளி சட்டென்று ஆழம், கருநீலம், ஊசிமுனையில் கோடு கிழித்து வெட்டிய மாதிரி. மேகத்தின் நிழல் ஒன்று அக்கரையில் இறங்கி, தண்ணீர்மேல் மெல்ல நடந்து, அவள் காலடிக்கு வந்து அவள்மேல் ஏறிப் போயிற்று. அப்போது சில்லென்றது. சத்தமே இல்லை. அவள் காலணியைக் கழற்றி, வீங்கிய காலை உள்ளே விட்டு, கரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமும் அந்த மனுஷன் இதைத் தனக்குச் சொல்லாமல் மறைக்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதில்கூட ஒரு மரியாதை மிச்சம் இருந்தது. மறைக்கவில்லை, பார்க்கவே இல்லை என்பது இப்போது தெரிந்தது. பன்னிரண்டு தடவை இதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கொக்கியைப் பார்த்திருக்கிறார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பார்த்துவிட்டோம் என்கிற சந்தோஷத்தில் கொஞ்சம், இவருக்காகப் பிரித்துப்போட்ட தையலை நினைத்து மிச்சம். வழிகாட்டி கூப்பிடும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தராசு வாசலிலேயே கேட்டார். "அந்தம்மா குடுத்ததெல்லாம் சேத்து எத்தன கிலோ சுமந்த?" அவள் ஏரியைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் கண் பையில் இருந்தது. மூடிக்கொண்டாள். அன்றையிலிருந்து வாசலுக்கு ஜிப் மாற்ற வருகிறவர்களுக்கெல்லாம் ஏரியைச் சொன்னாள். ரொட்டிக்கடை அம்மாவிடம் நாலு தடவை சொன்னாள். அவர் பக்கத்தில் வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும். அவரும் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். "முட்டிய வெச்சுக்கிட்டு மலையேறினீங்களாமே, டாக்டர் திட்டிட்டிருந்தாரு."

தையலக்கா படுத்தபடியே சொல்லத் தொடங்கினாள். கூழாங்கல்லைச் சொன்னாள், ஆழத்தைச் சொன்னாள், மேகத்தின் நிழல் தன்மேல் ஏறிப்போனதைச் சொன்னாள். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றியது சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டில் ஓரத்தில் மருத்துவமனை ஃபைலைப் பிடித்துக்கொண்டு தராசு நின்றார். இவ்வளவையும் அவர் இப்போதுதான் கேட்கிறார்.

"கேக்கவே ஆசையா இருக்கே" என்ற நர்ஸ் அவர் பக்கம் தலையைக் காட்டினாள். "சாரும் பாத்திருக்காரா?"

தையலக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லம்மா" என்றாள். "அவரு அங்க போனதே இல்ல."

தராசு வாயைத் திறந்தார். நர்ஸ் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.  ஃபைலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு அப்படியே நின்றார்.